மாமியாருக்குச் சாப்பாடு போட்ட நாள்

மீன் ஏலக் கூடத்தில் எடைபோடுகிறவளை எல்லோரும் எடையக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு வேறு பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போடும்போது அதைப் பார்த்து, இருக்கிறாயா என்பதுபோல் ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான்.

எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகும் அவள் கூடையைக் கையால் தூக்கிப் பார்க்காமல் தராசில் வைப்பதில்லை. ஒருநாள் புதிதாக வந்த வியாபாரி ஒருவர் அவளைச் சோதித்துப் பார்த்தார். அவள் தூக்கிப் பார்த்துவிட்டுப் பதினொன்று நானூறு என்றாள். தராசு பதினொன்று நானூற்று இருபது காட்டியது. வியாபாரி சிரித்தார். அவள் கூடையைச் சாய்த்து அடியில் நின்ற தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி வைத்தாள். நானூறு. “மீனைக் கேட்டீங்களா, தண்ணியக் கேட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அந்த ஆள் அவளிடம் வாய் கொடுப்பதில்லை.

இருபத்திரண்டு வருடம் ஈரத் தரை. ரப்பர் பூட்ஸுக்குள் குளிர் ஏறி, முழங்கால் இரண்டும் துருப்பிடித்த கதவுபோல ஆகிவிட்டன. ஈரத்தில் நிற்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார். “நான் நிக்கிற எடத்துல கடலே நின்னுட்டிருக்கு டாக்டர்” என்றாள் அவள். டாக்டர் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு வருடம் போனால் முழங்கால்தான் முடிவு செய்யும், நீங்கள் அல்ல என்றார்.

அது அவளுக்குப் பிடிக்கவில்லை. தன் விஷயத்தில் முழங்கால் முடிவு செய்வதாவது. மகள் வீட்டோடு இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் படகு எஞ்சின் மெக்கானிக், கை ஓடும்வரை வருமானமும் ஓடும். உட்கார வைத்துச் சோறு போட ஆள் இருந்தது. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கால் நனையாத ஒரு வேலை வேண்டும், அது தனக்குத் தெரிந்த வேலையாக இருக்க வேண்டும். தெரிந்தது மூன்று: எடைபோடுவது, மீன் சமைப்பது, ரொட்டி சுடுவது.

கப்பல் பணியாளர் விடுதியில் சமையல் பொறுப்புக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பைத் துறைமுக அலுவலகப் பலகையில் அவளே பார்த்தாள், அவளே விண்ணப்பம் எழுதினாள். நான்கு வரி. மீன், கணவாய், சிப்பி, நண்டு எல்லாம் சமைப்பேன். இந்தக் கடலில் எது எந்த மாதம் நன்றாக இருக்கும் என்று தெரியும். ரொட்டி கடையில் வாங்க மாட்டேன், நானே சுடுவேன். ஹோட்டலில் வேலை பார்த்ததில்லை.

நான்காவது வரி வேண்டாமே என்றாள் மகள். “குறைச்சலையும் எழுதினாத்தான் மத்த மூணையும் நம்புவாங்க” என்றாள் எடையக்கா.

விடுதியின் வார்டன் ஒரு காலத்தில் கப்பலில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். எழுதி வைத்ததை மட்டும் நம்புகிறவர். வந்த விண்ணப்பங்களில் மூன்றை எடுத்து, ஆளுக்கு ஒரு சனிக்கிழமை, விடுதியின் சமையலறையில் பன்னிரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு என்று ஏற்பாடு செய்தார். ஹோட்டல் சமையல்காரர் ஒருவர் சமைத்துவிட்டுப் போய்விட்டார். கேன்டீன் நடத்திய தம்பதியும் சமைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவது சனிக்கிழமை இவளுடையது. மணி பன்னிரண்டரை.

அவளுடைய ரொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினாறு வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகையின் கிழிந்த பக்கத்தைப் பார்த்து ஆரம்பித்தது. பாதிக் குறிப்பு அடுத்த பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், அந்தப் பக்கம் கிடைக்கவில்லை. முதல் ரொட்டியைக் கணவர் இரண்டு கையாலும் ஏந்தி, படகுக்கு நங்கூரம் கிடைத்துவிட்டது என்றார். எட்டாவது ரொட்டி தின்னக்கூடியதாக இருந்தது. முப்பதாவது ரொட்டியின் அடியைத் தட்டியபோது காலிப் பெட்டியைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. அதிலிருந்து அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலக்காரரும் ஐஸ் லாரி டிரைவரும் ஏதோ அந்தப் பக்கம் வந்தவர்கள்போல வருவார்கள். தக்காளியும் பூண்டும் போட்டுக் கொதிக்கிற மீன் சாற்றில் ரொட்டியை முக்கித் தின்றுவிட்டு, வந்த வேலையை மறந்துபோனதாகச் சொல்லிக் கிளம்புவார்கள்.

ரொட்டிக்கு ஈஸ்ட் கிடையாது. போன வாரத்து மாவில் ஒரு கைப்பிடி மிச்சம் பிடித்து, அதைக் கண்ணாடி ஜாடியில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்திருப்பாள். சுடுகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் அதை வெளியே எடுத்து, பாத்திரத்துக்கு மாற்றி, புது மாவும் வெதுவெதுப்பான தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, துணியால் மூடிவைத்தால் காலையில் பொங்கி நிற்கும். அந்தப் பொங்கின மாவுதான் மற்ற மாவையெல்லாம் தூக்கிவிடும். வேளைக்குத் தீனி போடாவிட்டால் சுருண்டு படுத்துவிடும். போட்டாலும் ஒரு சில நாள் காரணமில்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். கணவர்தான் அதற்கு மாமியார் என்று பேர் வைத்தார், தன் தாயார் உயிரோடு இருக்கும்போதே, குரலைத் தாழ்த்தி. இருந்தும் ஒருநாள் அந்த அம்மாள் காதில் விழுந்துவிட்டது. மாமியார் இன்று பொங்கவேயில்லை என்று இவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது முன்னறையிலிருந்து குரல் வந்தது: “நான் ஏன்டீ பொங்கணும்? பேசாமத்தானே உக்காந்திருக்கேன்?”

அந்த அம்மாள் போன பிறகும் பேர் நின்றுவிட்டது. மகள் அந்தப் பேரோடுதான் வளர்ந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் அவளுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளைக்கு இங்கேயே வேலை என்பதால் வீட்டோடு வந்தார். அப்போதுதான் எடையக்காவுக்கு உறைத்தது, இந்த வீட்டில் இனி மாமியார் தான்தான் என்று. புது மாப்பிள்ளையின் காதுபட, மாமியாருக்கு நாற்றம் அடிக்கிறது, மாமியாரைக் கொஞ்சம் கிள்ளிப் போடு என்றெல்லாம் பேசிக்கொண்டிருக்க முடியுமா? மூன்று பேரும் கூடிப் பேசி, இனிமேல் ஜாடி என்றே சொல்வது என்று முடிவெடுத்தார்கள். நாக்கைக் கடித்துக் கடித்துப் பழகினார்கள்.

மாப்பிள்ளை பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிறவர். கடலைப் பார்க்காத ஊரில் வளர்ந்தவர். எதைச் சொன்னாலும் சொன்னபடி, சொன்ன நேரத்தில் செய்வார். ஒன்பது ஐம்பதுக்குக் கூப்பிடு என்றால் ஒன்பது நாற்பத்தொன்பதுக்குப் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு விசைப்படகுகள் ஒன்றாக வந்து சேர்ந்தன. அத்தனையும் கானாங்கெளுத்தி. எடைபோட்டு முடிக்காமல் யாரும் நகர முடியாது. ஆறு மணிக்கு ஜாடிக்கு மாவு போட்டாக வேண்டும், தன்னால் வர முடியாது என்று எடையக்கா மகளுக்குப் போன் செய்தாள். மகளுக்கு அன்று இரட்டை ஷிப்ட். கவலைப்படாதே, அவரிடம் சொல்லிவிடுகிறேன் என்றாள். எடையக்கா நிம்மதியாகக் கூடையைத் தூக்கினாள். பஸ் தப்பினாலும் தப்பும், மாப்பிள்ளை தப்ப மாட்டார்.

அவள் வீட்டுக்கு வரும்போது ஏழு மணி. மாப்பிள்ளை வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் ஒரு பதற்றம். ஒரு மணி நேரம் தாமதமாகிவிட்டது என்றார். கை கழுவிக்கொண்டு வாருங்கள் அத்தை என்றார். சமையலறைப் பக்கம் போனவளைத் தடுத்து, மேஜையில் உட்கார வைத்தார். தட்டு தயாராக இருந்தது. ஃபிரிட்ஜில் இருந்த நேற்றைய கணவாயை எடுத்துச் சுடவைத்திருந்தார். சோறு புதிது.

எடையக்காவுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. வேலையிலிருந்து வந்ததும் தட்டின் முன்னால் உட்கார்ந்ததாக அவளுக்கு நினைவில்லை. வந்ததும் அடுப்பு, பிறகுதான் மற்றது. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று அவர் கேட்டார், போட்டார். டம்ளரில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. குளிர்ந்த தண்ணீர் இல்லையா என்று கேட்டதற்கு, இதுதான் நல்லது அத்தை என்று கண்டிப்பாகச் சொன்னார். பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால். முன்னறை பெஞ்சில் சாய்ந்தவளுக்கு என்னவோபோல் ஆகி, கண் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை அதைப் பார்த்தார். பயந்த மாதிரி இருந்தது. ஆனால் பயப்படக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டவர்போல ஜன்னலைச் சாத்தினார், மின்விசிறியை நிறுத்தினார், ஒரு போர்வையைக் கொண்டுவந்து கழுத்துவரை மூடினார்.

நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள். புழுக்கமாக இருந்தது, அவர் மனம் நோகும் என்று சொல்லவில்லை. போன் ஒளிர்ந்தது. மகளிடமிருந்து செய்தி: போட்டாச்சாம், மூடியும் வச்சாச்சாம். அதைப் படித்ததோடு தூங்கிப்போனாள்.

காலை நாலே முக்காலுக்கு வியர்வையில் குளித்து எழுந்தாள். சமையலறை விளக்கைப் போட்டாள். மாவுப் பாத்திரம் வழக்கமாக இருக்கும் அடுப்பு மேடையின் மூலை துடைத்துவிட்டாற்போலக் காலியாக இருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தாள். இரண்டாவது தட்டில், போன ஞாயிற்றுக்கிழமை வைத்த இடத்தில் வைத்தபடி ஜாடி. மாவு அடியில் படிந்து, மேலே பாத்திரம் கழுவின தண்ணீர்போலச் சாம்பல் நிறத்தில் ஒரு விரல்கடை நீர்.

அவள் சத்தம் போடுகிறவள் இல்லை. ஜாடியை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். கணவரை எழுப்பினாள். மாப்பிள்ளை தானே எழுந்து வந்தார்.

“மாப்பிள்ளை, நேத்து இதுக்கு மாவு போடலியா?”

அவர் ஜாடியைப் பார்த்தார். அதை முதல்முறையாகப் பார்க்கிற பார்வை. “இதுக்கா? இதுக்குப் போடணும்னு யாரும் சொல்லலையே அத்தை.”

“போட்டாச்சுன்னு செய்தி வந்துதே.”

“போட்டேனே. நீங்க கணவாய் ரெண்டாந்தரம்கூட வாங்கினீங்களே.”

ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த மகளைக் கூப்பிட்டு, போனை மேஜையில் வைத்து, எல்லோரும் கேட்கிற மாதிரி செய்தார்கள். நேற்று அவரிடம் என்ன சொன்னாய், சொன்னதை அப்படியே சொல் என்றாள் எடையக்கா.

“என்னத்தச் சொன்னேன்? ஆறு மணிக்கு மறக்காம மாமியாருக்குச் சாப்பாடு போட்டுடுங்க. ஃபிரிட்ஜிலேர்ந்து எடுத்து, கொஞ்ச நேரம் வெளிய வச்சுட்டுப் போடுங்க. தண்ணி வெதுவெதுப்பா இருக்கட்டும். அப்புறம் துணி போட்டு மூடிடுங்க, காத்து படக்கூடாது. பொங்கி வந்தா பயப்படாதீங்க, அது நல்லதுக்குத்தான்னு…”

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். போனின் அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

“ஐயோ அம்மா” என்றாள் மகள். “பழக்க தோஷத்துல பழைய பேரைச் சொல்லிட்டேன்.”

மாப்பிள்ளை எல்லோர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். கணவர் அவருக்கு விளக்கினார், ஜாடியைக் காட்டி, பதினாறு வருடக் கதையை மூன்றே வாக்கியத்தில். மாப்பிள்ளையின் காது மடல் சிவந்தது. அப்போ நீங்கள் கண் கலங்கினது பொங்கினது இல்லையா அத்தை என்று கேட்டார். கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனார். தானும் நேற்று வந்தபோது அவள் காய்ச்சலில் கிடப்பதாக எண்ணி, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மின்விசிறியைப் போடாமல் விட்டதாக அங்கிருந்தே ஒப்புக்கொண்டார்.

எடையக்கா சிரிக்கவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது தீனி போட்டால் மாவு உயிர் பிடிக்கப் பத்து மணி ஆகும். பிசைந்து எழும்பச் சாயங்காலம். சாப்பாடு பன்னிரண்டரைக்கு.

பேக்கரி ஆறு மணிக்குத் திறக்கும் என்றார் கணவர். பன்னிரண்டு பேர்தானே, நாலு ரொட்டி. மேலே கொஞ்சம் மாவைத் தூவி, உன் துணியில் சுற்றிக் கொண்டுபோனால் யாருக்குத் தெரியப்போகிறது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எஞ்சின் நின்றால் எந்த போல்ட் கிடைத்தாலும் போட்டு ஓட்டிக் கரைசேர்க்கிற ஆள்.

“எனக்குத் தெரியும்ல” என்றாள் அவள். “இருபத்திரண்டு வருஷமா என் கைல இருக்கிறதத்தான் சொல்லிட்டிருக்கேன். இன்னிக்கு அம்பது வயசுக்கு மேல புதுசா பொய் சொல்லக் கத்துக்கணுமா?”

ஈஸ்ட் வாங்கி வரட்டுமா என்று மாப்பிள்ளை மெல்லக் கேட்டார். கடை ஒன்பதுக்குத்தான் திறக்கும். தவிர, அதைத் தொட்டுப் பழக்கமில்லை. தெரியாத பொருளை வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுவதா? அவள் ஜாடியைத் திறந்து, மேல் நீரை வடித்துவிட்டு, ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“புளிப்பு நல்லாத்தான் இருக்கு. தூக்கற பலம்தான் இல்ல.” கண்ணைத் திறந்தாள். “தூக்க வேண்டாத ரொட்டியா சுட்டாப் போச்சு.”

அதற்குப் பிறகு அவள் கை நிற்கவில்லை. ஜாடி மாவு முழுவதையும் பெரிய பாத்திரத்தில் கொட்டி, கோதுமை மாவை அள்ளிப் போட்டாள். அளவுப் பாத்திரம் கிடையாது, அள்ளுகிற கைதான். உப்பு, கொஞ்சம் எண்ணெய், வெந்நீர். பன்னிரண்டு மணிக்குள் இது பொங்காது, ஆனால் தளரும், வாசனை பிடிக்கும். மெல்லியதாகத் தட்டி, நன்றாகக் காய்ந்த இரும்புக்கல்லில் போட்டால் ஒரு நிமிஷம். ஆறினால் தோல்மாதிரி ஆகிவிடும். ஆகவே அவர்கள் சாப்பிடச் சாப்பிட அங்கேயே நின்று சுட வேண்டும். ஒரு ஆள் தட்ட, ஒரு ஆள் சுட. மாப்பிள்ளை லீவு போட்டார். இரண்டு மாதத்தில் முதல் லீவு.

ரொட்டி மாறினால் மீனும் மாற வேண்டும். தடிமனான ரொட்டி குடிக்கட்டும் என்றுதான் தளதளவென்று நிறையச் சாறு வைக்க நினைத்திருந்தாள். மெல்லிய ரொட்டி அதில் ஊறிப் பிய்ந்துபோகும். ஐந்தரை மணிக்கு ஏலக் கூடத்துக்குப் போய்ப் பெட்டிகளைப் புரட்டினாள். நேற்றைய கானாங்கெளுத்தியில் கண் பளிச்சென்று இருந்தவையாகப் பன்னிரண்டு. விரலால் அமுக்கினால் உடனே எழும்புகிற கணவாய். வாயை இறுக்கி மூடியிருந்த சிப்பி ஒரு வாளி. திறந்து கிடந்ததைத் தட்டிப் பார்த்து, மூடாததைத் தள்ளிவைத்தாள். இன்றுதானே என்று கேட்டார் ஏலக்காரர். இன்றுதான் என்றாள். நீ போய்விட்டால் எடைக்கு ஆள் வேண்டுமே என்று அவர் இழுத்தார். முதலில் போக விடுங்கள் என்றாள்.

விடுதியின் சமையலறை பெரியது. உயரத்தில் ஜன்னல்கள், வரிசையாக ஆறு கேஸ் அடுப்புகள், தரையில் வெள்ளை ஓடு. அவள் கணவாயை வளையமாக நறுக்கி, தக்காளியும் வெங்காயமும் சுருண்டு வரும்வரை வதக்கி, அதில் போட்டுக் கெட்டியாக இறக்கினாள். கானாங்கெளுத்தியை முதுகுப்பக்கம் கீறி விரித்து, உப்பும் மிளகும் தடவி அடுக்கிவைத்தாள். சிப்பிக்கு ஒன்றும் வேண்டாம், பூண்டு போதும். அதன் தண்ணீரிலேயே அது வேகும். நடுவில் ஒருமுறை குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். இரண்டு மணி நேரமாக நிற்கிறாள், செருப்பு காய்ந்திருந்தது.

மாப்பிள்ளையிடம் அதைக் கழுவிவிடுங்கள் என்றாள். எதை அத்தை என்றார். இதை அந்தப் பக்கம் நகர்த்துங்கள் என்றாள். எதை, எந்தப் பக்கம் என்றார். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தாள். “மாப்பிள்ளை, சட்டின்னா சட்டி. கரண்டின்னா கரண்டி. இங்க எதுக்கும் பட்டப்பேர் கிடையாது, தைரியமா எடுங்க” என்றாள். அவர் கொஞ்சம் சிரித்தார். அன்று காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

பன்னிரண்டரைக்குப் பதினொரு கப்பல்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பன்னிரண்டாவதாக வார்டன், கையில் ஃபைலோடு. சிப்பியை மூடியோடு கொண்டுவந்து நடுவில் வைத்துத் திறந்தாள். ஆவி ஏறியது. மாப்பிள்ளை தட்டித் தட்டிக் கொடுக்க, அவள் கல்லில் போட்டாள். ரொட்டி இங்கொன்றும் அங்கொன்றுமாக உப்பி, கரும்புள்ளி விழுந்ததும் எடுத்து, நேராகத் தட்டுக்கு. இன்னொரு கல்லில் மீன். சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு நீளமான மேடைதான். அவர்கள் சாப்பிடுவதை அவள் பார்த்தாள், அவள் சுடுவதை அவர்கள் பார்த்தார்கள்.

வார்டன் ஒரு ரொட்டியை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். ஃபைலைத் திறந்தார்.

“விண்ணப்பத்துல ரொட்டி நானே சுடுவேன்னு இருக்கு. ஓவன்ல சுடற ரொட்டின்னு நெனச்சேன். நேத்து ஆள் விட்டு ஓவனைத் துடைச்சுகூட வச்சேன்.”

“ஓவன்ல சுடறதுதான் சார். இன்னிக்கு மாவு எழும்பல.”

“ஏன்?”

அவள் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளை மாவுக் கையோடு முன்னால் வந்தார். என் தப்பு சார் என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார், ஒரு விபத்துக்கு அறிக்கை கொடுக்கிற தொனியில், மணி நிமிஷத்தோடு. ஆறு மணிக்குப் போட வேண்டியது, மாமியார் ஏழு மணிக்குத்தான் வந்தார்கள். ஏழு பத்துக்குச் சாப்பாடு போட்டேன். ஏழு முப்பத்தைந்துக்குத் துணி போட்டு மூடினேன். காற்று படாமல் ஜன்னலைச் சாத்தினேன்.

எண்ணெய்க்கறை படிந்த சட்டைக்காரர் ஒருவர், எஞ்சின் அறையில் வேலை செய்கிறவர்போல, சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “இருங்க தம்பி. யாரை மூடினீங்க?”

“அத்தையை.”

மேஜை குலுங்கியது. ஒருவருக்குப் புரையேறி, பக்கத்து ஆள் முதுகில் தட்ட வேண்டியிருந்தது. பொங்கி வந்ததா என்று ஒருவர் கேட்டார். லேசா கண் கலங்கினாங்க என்றார் மாப்பிள்ளை, உண்மையை மறைக்காமல். அது இன்னும் மோசமாகப் போயிற்று. எடையக்கா கல்லைப் பார்த்தபடி நின்றாள். காலையிலிருந்து வராத சிரிப்பு அப்போதுதான் அவளுக்கும் வந்தது. ஒரு ரொட்டி கருகிவிட்டது.

வார்டன் சிரிக்கவில்லை. எல்லோரும் அடங்கும்வரை காத்திருந்து, பேனாவைத் திறந்தார்.

“பன்னண்டு பேருக்கு நின்னு சுடலாம். இங்க அறுபது பேர். ஒருநாள் இதேமாதிரி மாவு எழும்பலன்னா என்ன செய்வீங்க?”

“இன்னிக்கு எழும்பல” என்றாள் எடையக்கா. “யாராச்சும் பசியோட எழுந்தாங்களா?”

அவர் மேஜையைப் பார்த்தார். சிப்பிப் பாத்திரத்தில் ஓடுகள் மட்டும் கிடந்தன.

“அறுபதுக்கு ரெண்டு கல்லு போதாது, நாலு வேணும். தட்டறதுக்கு ஒரு ஆள் கூட. அவ்வளவுதான் வித்தியாசம்” என்றாள்.

வார்டன் எழுதிக்கொண்டார். பிறகு, அவசரத்துக்குக் கடை ரொட்டி கொஞ்சம் ஸ்டோரில் எப்போதும் இருக்கட்டும் என்றார், அது ஏற்கெனவே முடிவான விஷயம்போல.

“அது இருந்தா நான் வரல சார்.”

மாப்பிள்ளை அவளைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு உள்ளே ஒரு கணம் முழங்கால் நினைவு வந்தது. இருந்தாலும் சொன்னதை இறக்கவில்லை. “இருந்தா ஒருநாள் எடுப்போம். ஒருநாள் எடுத்தா, நாளைக்கும் எடுப்போம். அப்புறம் மாவு எழும்பினா என்ன, எழும்பாட்டி என்ன? அதுக்கு நான் எதுக்கு? கடைக்காரனே போதுமே.”

ஸ்டோர் கீப்பராக முப்பது வருடம் இருந்த ஒருவரிடம், கையிருப்பு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அவருக்கு அது ஜீரணமாக நேரம் பிடித்தது. எஞ்சின் அறைக்காரர்தான் கடைசித் துண்டு ரொட்டியால் தட்டை வழித்துக்கொண்டே சொன்னார்: “சார், ஓவன் ரொட்டி ஆறு நாள் போடட்டும். வாரத்துல ஒருநாள் மாவை எழும்ப விடாம இருந்தா நல்லது.”

வார்டன் ஃபைலில் எழுதியிருந்த ஒரு வரியை அடித்தார். அடித்த இடத்தில் வேறு எழுதினார். எழுதி முடித்து மூடிவைத்த பிறகுதான் தலை நிமிர்ந்தார்.

“ஒண்ணாம் தேதி காலைல அஞ்சு மணிக்கு வரணும். சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கும்.”

“நாலரைக்கு இருக்கச் சொல்லுங்க” என்றாள் எடையக்கா.

கல்லின் அடியில் அடுப்பை அணைத்தாள். மாப்பிள்ளையைப் பாத்திரம் தேய்க்கச் சொல்லிவிட்டு, சமையலறையின் அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத் தொடங்கினாள். மேல்தட்டில் பெரிய கொப்பரைகளை வைத்திருந்தார்கள், கை எட்டாத இடத்தில். கீழே வர வேண்டும். தட்டுகள் ஜன்னல் பக்கம் போகலாம். மாவு மூட்டைக்கு இடம் ஓவனுக்குப் பக்கத்தில் இல்லை, எதிர்ச் சுவரோரம். அங்கே குளிர்ச்சியாக இருந்தது. கையை வைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அங்கே கிடந்த காலிப் பெட்டிகளை இழுத்து அப்புறப்படுத்தினாள்.